கழித்துச் சொன்ன எடை

பெரியவர்களுக்கு வலித்தால் எனக்கு வேலை சுலபம். அவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் முனகுவார்கள். முனகாதவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மருமகள் வைத்த ரசத்தைத் திட்டுவார்கள். ரசத்தைத் திட்டினாலும் அது வலியைத் திட்டுவதுதான் என்று எனக்குப் புரிந்துவிடும்.

நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். இனிமேல் குணப்படுத்த வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிரித்து அனுப்பியவர்களைக் கூடலூரிலிருந்து ஜீப்பில் போய் அவரவர் கட்டிலிலேயே பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. புண்ணைக் கழுவுவோம், வலிக்கு மார்ஃபின் கொடுப்போம், அது வயிற்றைக் கட்டும் என்பதால் மலம் இளகவும் மருந்து கொடுப்போம், வீட்டில் இருப்பவர்கள் அழுதால் உட்கார்ந்து கேட்போம். தேவாலாப் பக்கம் ஒரு தாத்தா இருந்தார், சிலோனிலிருந்து வந்து டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். "உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டேன். "பதினஞ்சு போடு பிள்ளை. பத்தோட நிறுத்தச் சொல்ல நீ யாரு?" என்றார். அன்றைக்கே மருந்தைக் கூட்டினோம். மறுவாரம் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. வலியைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆளில்லை என்ற நினைப்பு. அந்தத் தலைக்கனத்தோடுதான் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஒரு சின்னப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அவளுக்கு ஒன்பது வயது. தொடை எலும்பில் புற்று. கோயமுத்தூரில் மருந்தேற்றிப் பார்த்தார்கள். காலை எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது நுரையீரலுக்கும் பரவியிருப்பது தெரிந்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா கொழுந்து பறிக்கிறவள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் வருவார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள்.

உள்ளே போனவுடன் நான் செய்த முதல் காரியம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அம்மாவிடம் பேசினேன். பெரியவர்கள் வீட்டில் நான் அப்படிச் செய்யவே மாட்டேன். மகன் கண்ணைக் காட்டினாலும், மருமகள் கையைப் பிடித்து இழுத்தாலும், முதலில் நோயாளியிடம் போய் "நீங்க சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். குழந்தை என்றதும் அந்தப் பழக்கமெல்லாம் எங்கே போனதோ. எப்போதிருந்து வலி, எப்படித் தூங்குகிறாள், சாப்பிடுகிறாளா என்று எல்லாவற்றையும் அவள் தலைக்கு மேலாகக் கேட்டு முடித்தேன்.

அம்மா என்னை வெளியே குழாயடிக்குக் கூட்டிப் போனாள். "அவகிட்ட ஒன்னும் சொல்லிறாதீங்க சிஸ்டர். கால் வீக்கம் வத்தறதுக்கு மருந்துன்னு சொல்லி வெச்சிருக்கறேனுங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன். சிலோன் தாத்தாவின் மகன்களும் இதையேதான் கேட்டார்கள். அவர்களிடம், "அப்பாவுக்கு எவ்வளவு தெரியணும்னு அப்பாகிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொன்னவள் நான். இந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை.

திரும்பி வந்து, "வலிக்குதா கண்ணு?" என்றேன். அவள் முதலில் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "லேசா" என்றாள். அந்த 'லேசா'வை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவு?" பெரியவர்களுக்கு மார்ஃபின் ஆரம்பிக்கும்போது இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. ஆரம்பத்துக்கு என்று ஓர் அளவு இருக்கிறது, அதில் தொடங்கி வலிக்குத் தக்கபடி ஏற்றிக்கொண்டே போவோம். குழந்தைக்கு எல்லா மருந்தும் எடையைக் கொண்டுதான். கோயமுத்தூர் காகிதத்தில் இருந்த எடை அவள் மெலிவதற்கு முந்தையது. எங்கள் ஜீப்பில் இருந்ததோ ஏறி நிற்கிற மெஷின். அவளால் நிற்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு நானே ஏறி என் எடையைக் கழித்திருக்கலாம், அது எனக்குத் தோன்றவே இல்லை.

"கொழுந்து நிறுக்கற தராசு இருக்குதுங்களே" என்றாள் அம்மா. எனக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது.

மழைக்காலம். மதிய நிறுவைக்கு நேரம். நிறுவைக் கொட்டகையில் பெண்கள் ஈரப் பைகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். நிறுக்கிறவர் நல்ல மனிதர். புதுப்பை ஒன்றைத் தேடி எடுத்து அதில் அவளை உட்கார வைத்து, கொக்கியில் மாட்டினார். "இது கொழுந்தா, முத்தின இலையா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டார். "கொழுந்து!" என்று அவளே பைக்குள்ளிருந்து கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். பை மெதுவாகச் சுற்றியது. கெட்ட கால் எங்கும் இடித்துவிடக் கூடாதே என்று நான் குனிந்து, அவள் காலுக்குக் கீழே கையைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டிருந்தேன். முள் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை.

"பதினாறு!" என்று அவர் ராகமாகச் சொன்னார். அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டுப் பதினாறு கிலோ என்றேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் லைன் வீட்டில் பிறந்தவள்தான். கோத்தகிரிப் பக்கம் என் அம்மா பறித்த கொழுந்தில் படித்தவள். நிறுக்கும்போது பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடை சொல்வார்கள். மழை நாளில் கழிவு அதிகம். அதைத் திட்டாமல் என் அம்மா ஒருநாளும் சோறு போட்டதில்லை. அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, அன்று அந்தக் கொட்டகையில் அது ஞாபகம் வரவில்லை. வாடகை வீடும் மாதச் சம்பளமும் வந்தபின் மறந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். வேறு சாக்கு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நிறுக்கிறவர் மேல் குற்றமில்லை. மழை நாளில் கொக்கியில் எது தொங்கினாலும் அவர் வாய் நாலு கிலோ கழித்துத்தான் சொல்லும். அப்படிப் பழகிய வாய்.

மருந்து ஆரம்பித்தோம். எடை குறைவாகச் சொன்னதால் அளவும் குறைவு. ஆனால் இந்த மருந்தில் ஒரு வசதி உண்டு. வலி இருந்தால் கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டுவதற்கு, வலி இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான்.

நான் போகிற போதெல்லாம் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டில்தான் பஸ். சேரம்பாடியிலிருந்து கூடலூர் போகிற வண்டி. அப்பா வாங்கி வந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் பழைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட் கொடுப்பாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்தால் பயணி. "சில்லறை இல்லாம ஏன் ஏர்றீங்க? எறங்குங்க" என்று என்னை விரட்டுவாள். இரண்டு விசில் அடித்தால் பஸ் கிளம்பும். ஒரு விசில் அடித்தால் நிற்கும். நின்றிருக்கும்போது யாரும் பேசக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். பேசினால் அபராதம். நான் வேண்டுமென்றே பேசி அபராதம் கட்டியிருக்கிறேன்.

"பஸ் ஓட்டறா டாக்டர். என்னையே எறக்கி விட்டுட்டா. வலியெல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு" என்று போனில் பெருமையாகச் சொன்னேன். "தூங்கறாளா?" என்று டாக்டர் கேட்டார். "ராத்திரி புரண்டுட்டே இருக்கறாளுங்க" என்று அம்மா சொன்னதை, பகலில் படுத்தே இருக்கிற குழந்தை, அதனால் ராத்திரி தூக்கம் வராது என்று நானே அர்த்தம் பண்ணி டாக்டரிடம் சொன்னேன். அம்மா தன் போனில் அந்த விளையாட்டை வீடியோ எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினாள். பிள்ளை தேறுகிறாள் என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். தேறமாட்டாள் என்று தெரிந்த நான்கூடக் கொஞ்சம் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழவில்லை. அழாத பிள்ளைக்குப் பசியில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். கிளம்பின உடனே ஒரு விசில். நின்றோம். மறுபடி கிளம்பினோம். மறுபடி ஒரு விசில். எனக்கு வேறு வீட்டுக்குப் போகிற அவசரம். "ஏனுங்க கண்டக்டரம்மா, இப்படி மரத்துக்கு மரம் நின்னா நான் எப்பக் கூடலூர் போறது?" என்று கிண்டல் செய்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அபராதம் கேட்கவில்லை. விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வேர்வை. குளிருக்கு நானே ஸ்வெட்டர் போட்டிருந்தேன். இரண்டு கையும் போர்வையைத் திருகிப் பிடித்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு விட்டாள், இரண்டு விசில் அடித்தாள், "ரைட், போலாம்" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெரியவர்கள் வலி வந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். குழந்தை, விளையாட்டை விடாமல் வலியையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும். ஏதோ பயிற்சி வகுப்பில் யாரோ இதைச் சொன்னார்கள். நான் தலையாட்டி, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தவள்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "புதுசா எடை போட்டுச் சொல்லுங்க, உடனே கூட்டிடலாம்" என்றார்.

அன்று மதியம் மழை விட்டு வெயில் அடித்தது. அம்மாவும் கூட வந்தாள். அதே பை, அதே கொக்கி. "பதினேழு!" என்றார் நிறுக்கிறவர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கிலோ ஏறிருக்குதுங்க சிஸ்டர்!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அரை நிமிடம் எனக்குமே சந்தோஷமாக இருந்தது. பிறகுதான், இந்த நோயில் எப்படி எடை ஏறும் என்று உறைத்தது. முதல் தடவையாக முள்ளைப் பார்த்தேன். பத்தொன்பதில் நின்றிருந்தது. வெயில் நாளுக்கு இரண்டு கழித்திருக்கிறார். மழை நாளுக்கு நாலு கழித்திருப்பார் என்றால், முதல் நாளில் அவள் இருபது கிலோ.

கொட்டகைக்கு வெளியே வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லணும்" என்றார். "நான் சொல்லிக்கறேன் டாக்டர்" என்றேன். அம்மா அங்கே நின்று, நிறுக்க வந்த பெண்களிடமெல்லாம் ஒரு கிலோ ஏறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரியான அளவு மருந்து போனதும் அவள் தூங்கினாள். இத்தனை நாள் பாக்கி வைத்திருந்த தூக்கத்தையெல்லாம் தூங்கினாள். மறுமுறை நான் போனபோது அம்மா வாசலிலேயே மறித்தாள். "என்ன மருந்துங்க குடுத்தீங்க? வெளையாடிட்டிருந்த புள்ளதானுங்க. இப்பப் பாருங்க, விசில்கூட எடுக்க மாட்டேங்கறா. உங்க மருந்துதான் அவள இப்புடி ஆக்கிருச்சு." அவள் கோபம் நியாயமானது. விளையாட்டு நின்றால் அது நல்லதுக்குத்தான் என்று எந்த அம்மாவுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியும்? அதற்கு, விளையாடினபோது வலித்தது என்று முதலில் சொல்ல வேண்டும். "உடம்பு பழகணும்மா, ரெண்டு நாள்ல தெளிஞ்சிருவா" என்று மட்டும் சொன்னேன்.

தெளிந்தாள். தெளிந்தபின் நன்றாக அடம் பிடித்தாள். தோசை வேண்டும் என்றாள், போட்டால் வேண்டாம் என்றாள். பின்னல் கோணல் என்று அம்மாவிடம் சண்டை போட்டாள். வலியில்லாத குழந்தை இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாள் என்பதும்.

அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்த ஒரு காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். "கண்ணு, சிஸ்டர் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உன் எடையத் தப்பாச் சொல்லிட்டேன். அதனால உனக்கு மருந்து கம்மியாப் போயிருச்சு. என்னை மன்னிச்சிரு சாமி."

அவள் ரொம்ப யோசிக்கவில்லை. "தண்ணிக்குக் கழிச்சாங்கல்ல?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பை சுத்துனப்ப முள்ளப் பாத்தேன். இருவதுல நின்னுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சாமி."

"எல்லாத்துக்கும்தான் கழிப்பாங்க. தராசுகிட்ட நின்னு பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்குது. பேசினா மறுநாள் இன்னும் கழிப்பாங்களாம்."

ஆனாலும் கேட்டேன். "சரி, வலிச்சதையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னை ஒரு மக்குப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சொன்னேன்ல. அதான் விசில் அடிச்சேன்ல."

அதற்குப் பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி நான் உட்கார்ந்ததில்லை. எதையும் அவளிடமே கேட்டேன். நான் எப்போது வர வேண்டும், மருந்தை எதில் கலந்து கொடுக்க வேண்டும், ஊசி எந்தக் கையில் என்று அவள் சொல்கிறபடி நடந்தேன். சாவைப் பற்றி அவள் நேராகக் கேட்கவில்லை. "நான் இல்லாட்டி அம்மா யாரு கூடப் படுக்கும்?" என்று ஒருமுறை கேட்டாள். அப்பாவை வரச் சொல்லலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். நான்தான் திருப்பூருக்குப் போன் போட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். ஒரு மதியம், அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க, வலியில்லாமல் போனாள். இதை எல்லோரிடமும் சொல்வேன். கடைசி வாரங்களில் அவளுக்கு வலியில்லை. அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இழப்பு நடந்த வீட்டுக்குச் சில நாள் கழித்து ஒருமுறை போய்வருவது எங்கள் வழக்கம். பெரியவர்கள் போன வீட்டில் அது கஷ்டமில்லை. டீ போடுவார்கள், "நல்லா வாழ்ந்து முடிச்சாருங்க" என்பார்கள், மீதி மருந்தைத் திருப்பித் தருவார்கள். இந்த வீட்டுக்குப் போகிற நாளை நான் ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனபோது, எடை விஷயத்தையும் விசில் விஷயத்தையும் இன்று சொல்லியே தீருவது என்று ஜீப்பில் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என்னைத் திட்டட்டும், கை நீட்டினாலும் நீட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்தாள். "இது மட்டும்தானுங்க எனக்கு மிச்சம்" என்று வீடியோவை ஓட விட்டாள். கட்டில், காலண்டர் டிக்கெட், பயணியாக நான். பிள்ளை கத்துகிறாள், சிரிக்கிறாள், நடுவில் நிறுத்துகிறாள். அந்த நிறுத்தங்களில் அம்மாவின் சிரிப்பு போனுக்குள்ளிருந்து கேட்டது. என்னால் அவற்றில் எதையும் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"ராத்திரி இதப் பாத்துட்டுத்தானுங்க தூங்கறேன். கடைசில அந்த மருந்துல கெறங்கிக் கெடந்தத நெனைக்கறதே இல்லீங்க. எம்புள்ளன்னா இதுதானுங்க" என்றாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கெல்லாம் அவளுக்கு வலி இல்லதானுங்க சிஸ்டர்? நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே, உங்களுக்குத் தெரியுமில்ல?"

நேருக்கு நேர் கேட்ட யாரிடமும் இந்த வேலையில் நான் பொய் சொன்னதில்லை. தாத்தாவிடம் சொன்னதில்லை, தாத்தாவின் மகன்களிடம் சொன்னதில்லை.

"இல்லம்மா. துளிகூட இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றாள். பிறகு வீடியோவை முதலிலிருந்து ஓட விட்டாள். நானும் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன்.